புதிய பட்டப்படிப்புக்கு அனுமதி வாங்கப் போய், மேசைக்கு மேசை ஃபைல் தேடிய அனுபவம்

ஒருவழியாகக் கடிதம் வந்துவிட்டது. எங்கள் துறை முன்மொழிந்த கரையோர, களப்பு (கடலோர உவர்நீர் ஏரி) வள முகாமைத்துவச் சிறப்புப் பட்டத்தைத் தொடங்கப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதி தந்திருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் இடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதே வேலையைக் கையில் எடுக்கப்போகிற விரிவுரையாளர்கள் பலர் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பிரிவு என்று சொல்லப்போவதில்லை. தேவையானது நடந்த விஷயம்தான்.

பாதை உங்களுக்குத் தெரிந்ததுதான். துறைக் கூட்டம், பீடத்தின் பாடத்திட்டக் குழு, பீடச் சபை, உள்ளகத் தர உறுதிப்பாட்டுப் பிரிவு, மூதவையின் (கல்வி விஷயங்களைத் தீர்மானிக்கும் செனட்) உபகுழு, மூதவை, பேரவை (பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் சபையான கவுன்சில்), அதன்பிறகு கொழும்பில் இருக்கும் ஆணைக்குழு. துறைக் கூட்டமும் பீடச் சபையும் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தேவை மதிப்பீட்டைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் கூகுள் ஃபோம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பி, பழைய மாணவர்கள் நிரப்பித் தந்ததை வரைபடமாக்கி அந்தப் பகுதியை முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாங்கள் பாலமீன்மடுவுக்கும் நாவலடிக்கும் பெரியகல்லாற்றுக்கும் போய் மீனவர் சங்கத்து ஆட்களோடு உட்கார்ந்து பேசினோம். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா தலையை நிமிர்த்தாமலே கேட்டார், "முகத்துவாரத்த எப்ப வெட்டணும் எண்டு உங்கட பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா மகள்?" மாரியில் களப்பு நிரம்பினால் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கும் வயல்காரருக்கு முகத்துவாரம், அதாவது களப்பு கடலோடு சேரும் வாய், சீக்கிரம் வெட்டுப்பட வேண்டும், இவர்களுக்கோ நேரத்துக்கு முந்தி வெட்டினால் இறால் கடலோடு போய்விடும். ஒவ்வொரு வருடமும் இந்த இழுபறி இருக்கிறது. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்புக் களப்பை வைத்துக்கொண்டு, அதை முழுதாகப் படிக்க ஒரு பட்டம் இங்கே இல்லையே என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. மூன்றாம் வருடத்தில் முகத்துவாரத்தையும் வெள்ளத்தையும் பற்றி ஒரு முழுப் பாட அலகு சேர்த்தோம். கடைசியில் மதிப்பீட்டாளர்கள் பாராட்டி எழுதிய முதல் விஷயமும் அதுதான். அந்த ஐயாவிடம் போய்ச் சொன்னேன், சிரித்தார்.

சரி, இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

முன்மொழிவுப் படிவத்தை நிர்வாகப் பக்கம் இருந்த ஒரு முகாமைத்துவ உதவியாளரிடம் கேட்டுத்தான் வாங்கினோம். "இதுதான் மிஸ் ஃபோமட், எல்லாரும் இதிலதான் குடுக்கிறவங்க" என்று ஒரு வேர்ட் ஃபைலை அனுப்பினார். துறையே உட்கார்ந்து இரவிரவாக அதை நிரப்பிப் பீடச் சபையும் தாண்டிய பிறகு, தர உறுதிப்பாட்டுப் பிரிவில் எடுத்த எடுப்பிலேயே "இது பழைய ஃபோம்" என்றார்கள். புதிய படிவத்தில் வேறு தலைப்புகள், வேறு ஒழுங்கு. நான்கு வருடம் முடிக்க முடியாத மாணவர் எந்தத் தகைமையோடு வெளியேறலாம் என்று தனியாக ஒரு பகுதி, வருடத்துக்கு வருடம் தேவைப்படும் ஆளணி, கட்டடம், பணம் என்று தனியாக ஓர் அட்டவணை. எல்லாவற்றையும் திரும்ப எழுதினோம். திரும்ப எழுதியதால் அதே பீடச் சபைக்குத் திரும்பவும் போக வேண்டி வந்தது. ஆகவே படிவத்தை ஆளிடம் கேட்காதீர்கள், ஆணைக்குழுவின் இணையத்தளத்துக்குப் போய் நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள், இறக்கிய திகதியை ஃபைலின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த உதவியாளரிடம் போய்ச் சொன்னபோது "எங்களுக்கு ஒண்டும் அறிவிக்கல்லையே" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

அடுத்தது கிரெடிட் கணக்கு. இலங்கைத் தகைமைகள் சட்டகம், நாம் வழக்கமாக எஸ்.எல்.கியூ.எஃப். என்று சொல்வது, 2012 இல் வந்து 2015 இல் திருத்தப்பட்டது. அதன்படி சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். மூன்று வருடப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 கிரெடிட். வகுப்பில் படிப்பிக்கும் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் 50 கற்றல் மணித்தியாலம், விரிவுரை, சொந்தப் படிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். இது எல்லோருக்கும் தெரியும். தொழிற் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் ஒரு கிரெடிட்டுக்கு ஆகக் குறைந்தது 100 மணித்தியாலம் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. நாங்கள் இறுதி வருடத்தில் மாணவர்களை மீன்பிடித் துறை, கரையோரப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்களுக்கு அனுப்ப 6 கிரெடிட் வைத்து 600 மணித்தியாலம் என்று போட்டிருந்தோம். உபகுழுவில் ஒருவர் அதைச் சிவப்பால் வெட்டி 300 என்று எழுதிவிட்டார். "எல்லாத்துக்கும் 50தான், எண்ணிப் போடுங்கோ" என்றார். நான் சொன்னது எடுபடவில்லை, அந்த ஒரு வரிக்காக முழு ஆவணமும் திருப்பி அனுப்பப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்குச் சட்டகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்து, சம்பந்தப்பட்ட வரியை மஞ்சளால் அடித்து, வந்திருந்த ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிரதியை வைத்தேன். நான் வாயே திறக்கவில்லை, தலைவர் தானே சத்தமாக வாசித்தார். 600 திரும்பவும் 600 ஆனது. அன்று வீடு வரும் வழியில் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் இறங்கி எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். ஆகவே, கூட்டத்துக்குப் போகும்போது சட்டகத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள், ஃபோனில் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, சட்டகம் சொல்கிற 12 வகைக் கற்றல் பேறுகளையும் (படித்து முடிக்கும் மாணவரிடம் இருக்க வேண்டிய அறிவும் திறனும்) பாட அலகுகளோடு பொருத்துகிற அட்டவணை. எல்லாக் கட்டத்திலும் சரி அடையாளம் போடக்கூடாது. ஒரு பாடம் 12 ஐயும் நிறைவேற்றுகிறது என்றால் பார்ப்பவர் நம்பமாட்டார். உண்மையில் எந்தப் பேற்றை எந்த ஒப்படையால் அளக்கிறோம் என்று ஒரு வரி எழுத முடிந்தால் மட்டும் போடுங்கள்.

மூதவைக்குப் போன கதைதான் எல்லாவற்றிலும் மோசம். நிகழ்ச்சிநிரலுக்கான கடைசித் திகதிக்குப் பல நாள் இருக்கும்போதே ஃபைலைக் கொடுத்தாயிற்று. மூதவை கூடி முடிந்து, எங்கள் விஷயம் வரவேயில்லை என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தால், "அப்பிடி ஒரு ஃபைல் வரல்லையே மிஸ்". நான் விடவில்லை, தேடித் தாருங்கள் என்று அங்கேயே நின்றேன். ஜன்னலோரம் இருந்த தட்டில் லீவுப் படிவங்களும் பயணப்படி வவுச்சர்களும் ஒரு கட்டாகக் கிடந்தன, அவற்றுக்கு அடியில் எங்கள் ஃபைல், கட்டிய நாடா அவிழ்க்கப்படாமல் அப்படியே. முகப்புக் கடிதத்தில் 'பீடாதிபதி ஊடாக' என்ற வரி இருந்தது, பீடாதிபதியின் கையொப்பமும் இருந்தது, அவருடைய இறப்பர் முத்திரை மட்டும் இல்லையாம். அதனால் எடுக்கவில்லை. சரி, முத்திரை இல்லை என்று ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லியிருந்தால் பீடாதிபதி அலுவலகத்துக்கு நடந்துபோய் அன்றைக்கே அடித்துக் கொண்டுவந்திருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. அது 2024 சித்திரை. மே மாதத் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் நாடு முழுக்கத் தொடங்கி ஜூலை வரை நீண்டது. அவர்களின் கோரிக்கையில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஒரு முத்திரைக்காக ஒரு மூதவைக் கூட்டத்தைத் தவறவிட்டதால், அத்தனை மாதமும் எங்கள் வேலை அசையாமல் கிடந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். ஃபைல் எந்த மேசைக்குப் போனாலும் கூடவே போவேன், முகப்புக் கடிதத்தின் இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையொப்பமும் திகதியும் வாங்குவேன், அப்புறம் நிகழ்ச்சிநிரல் அனுப்புவதற்கு முதல்நாள் ஒரு ஃபோன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். மூதவை அதற்குப் பிறகு ஒரே அமர்வில் முடிந்தது, பேரவையும் அப்படியே.

வெளி மதிப்பீட்டாளர்களைப் பற்றி இரண்டு சொல். பெரிய பெயர் என்று தேடாதீர்கள், நேரத்துக்கு எழுதித் தருபவரைத் தேடுங்கள். அறிக்கை கிடைத்த பிறகு, அவர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் நாம் என்ன செய்தோம், எந்தப் பக்கத்தில் செய்தோம் என்று ஒரு பதில் அட்டவணை இணைக்க வேண்டும். எங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர் புள்ளிவிபரவியல் போதாது என்று கடுமையாகவே எழுதியிருந்தார். அவர் சொன்னது நியாயம், இரண்டாம் வருடத்தில் ஒரு பாட அலகு கூட்டினோம், படிப்பு உண்மையிலேயே மேம்பட்டது.

பேரவையின் அனுமதி கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும், அங்கேதான் அடுத்த அடி. கொழும்புக்கு அனுப்ப மூதவை, பேரவை இரண்டின் கூட்டறிக்கைப் பிரதிகளும் உறுதிப்படுத்தப்பட்டு வேண்டும். பேரவைக் கூட்டறிக்கை அடுத்த கூட்டத்தில்தான் உறுதியாகும், அதுவரை தர முடியாது என்று ஒரு அலுவலர் பிடிவாதமாக நின்றார். 'உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது' என்று குறிப்பிட்டுத் தருகிற வழக்கம் இருக்கிறது என்று இன்னொரு பீடத்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கேட்டேன், பழைய உதாரணம் ஒன்றையும் அந்த அண்ணனிடமே வாங்கிக் காட்டினேன், பிறகு தந்தார். இதைத் தெரிந்து வைத்திருங்கள், ஒரு மாதம் மிச்சமாகும்.

பொதியை அலுவலகத்தில் ஒட்டி, முத்திரை வைத்துத் தந்தார்கள். தபாலை நம்ப மனமில்லாமல் இரவு பஸ் எடுத்து விடியக் கொழும்பில் இறங்கி, முகம் கழுவி, ஆணைக்குழு இருக்கும் வோட் பிளேஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பொதியைத் திறந்தால் உள்ளே பேரவைக் கூட்டறிக்கை இல்லை! அவ்வளவு சண்டை பிடித்து வாங்கிய அந்த ஒற்றைத் தாளை இணைக்காமலே எங்கள் அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அங்கிருந்த உத்தியோகத்தர் ஒரு அம்மா, இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார். கையொப்பமிட்ட மூலப்பிரதி வராமல் பதிய முடியாது என்பதையும் பொறுமையாக விளங்கப்படுத்தினார், அது விதி, அவரில் பிழையில்லை. பொதியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அன்றிரவே பஸ் ஏறினேன். பொதியை உங்கள் கண்முன்னால் ஒட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு இணைப்பையும் பட்டியலோடு சரிபார்த்த பிறகுதான் பசை. எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து கையில் வைத்திருங்கள்.

கொழும்பிலிருந்து வந்த கேள்விகளில் கனமானது ஆளணி. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை விரிவுரையாளர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், புதிதாக ஆட்சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புதிய பதவிகளுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதனால் 'ஆள் தந்தால் தொடங்குவோம்' என்ற தொனியில் எழுதினால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். நாங்கள் இப்போது இருக்கிற நிரந்தர விரிவுரையாளர்களின் பெயர், தகைமை, யார் எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று வரிவரியாகக் காட்டினோம். முதல் இரண்டு வருடத்தையும் இருக்கிற ஆட்களாலேயே நடத்தலாம் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகு வேறு கேள்வி வரவில்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அனுமதிக் கடிதம் வந்த உடனே மாணவர் வருவதில்லை, உயர்தரப் பெறுபேறு வந்தபின் வெளியாகும் அனுமதிக் கைநூலில் படிப்பின் பெயரும், தேவையான பாடச் சேர்க்கையும், மாணவர் எண்ணிக்கையும் ஏற வேண்டும். கைநூலைத் தவறவிட்டால் ஒரு தொகுதிப் பிள்ளைகளே போய்விடும். கைநூலில் சேர்க்கச் சொல்லும் கடிதத்தை நேற்றுத்தான் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கையொப்பமும் திகதியும் வாங்கியாயிற்று, பீடாதிபதியின் முத்திரையும் இருக்கிறது. எங்கள் பதில் அட்டவணையும் கற்றல் பேற்று அட்டவணையும் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.