ஹிஸ்டரி குரூப் பிள்ளைகளுக்கு கியூட் பற்றிக் கொஞ்சம்

பிளஸ் டூவில் ஹிஸ்டரி குரூப் எடுத்த பிள்ளைகளிடம் உங்களுக்கும் கியூட் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பயாலஜி குரூப் என்றால் நீட், கணக்கு என்றால் ஜேஇஇ என்று சொந்தக்காரர்கள் முதல் டியூஷன் சென்டர்க்காரர் வரை எல்லோரும் பேசுவார்கள், ஆர்ட்ஸ் என்றால் மட்டும் "பக்கத்துல இருக்கிற காலேஜ்ல பி.ஏ. போட்டுடலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உள்ளூர்க் கல்லூரி ஒன்றும் குறைந்ததில்லை, அங்கே படித்து மிக நன்றாக வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன என்று தெரிந்து அதைத் தேர்ந்தெடுப்பது வேறு, ஒன்றுமே தெரியாமல் போய்ச் சேர்வது வேறு.

நான் இந்தத் தேர்வை எழுதித்தான் ஊரைவிட்டு வெளியே வரலாறு படிக்கப் போனேன். இப்போது என் சித்தி மகள் எழுதப் போகிறாள். அவளுக்கு வாரம் ஒருமுறை போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டேட் போர்டில், அதிலும் தமிழ் வழியில் படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தேர்வு எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வுதான் கியூட். 2022-இல் தொடங்கியது, தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஒருவர் அதிகபட்சம் ஐந்து பாடங்கள் எழுதலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 50 கேள்விகள், 60 நிமிடங்கள், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பார்கள். முதல் சில வருடங்களில் தெரியாத சில கேள்விகளை விட்டுவிடும் சாய்ஸ் இருந்தது, 2025 முதல் அது கிடையாது. முழுக்கக் கணினியில்தான். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம்.

இந்தத் தேர்வே கூடாது, மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு இது பாதகம் என்று 2022 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அந்தக் கவலை நியாயமானது என்பதுதான் என் கருத்து, ஏனென்றால் பாடக் கேள்விகள் எல்லாம் என்சிஇஆர்டி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒட்டியே வருகின்றன, நம் பிள்ளைகள் வேறு புத்தகம் படித்துவிட்டுப் போய் உட்காருகிறார்கள். சரி, நியாயமோ அநியாயமோ, மே மாதம் தேர்வு வந்துவிடுகிறது, அதற்கு என்ன செய்வது என்று பார்ப்போம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தத் தேர்வுக்குக் கோச்சிங் தேவையில்லை, ஒரு புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்குகிற மெட்டீரியல்களை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதே புத்தகத்தை நறுக்கி, சுருக்கி, அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி நறுக்கும்போது எது வெளியே போகிறதோ, அதாவது அக்கால ஆவணங்களிலிருந்து எடுத்துக் கட்டம் போட்டுக் கொடுக்கும் மூலச் சான்றுப் பெட்டி, படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரி, அத்தியாயக் கடைசியில் வரும் காலவரிசை, அங்கிருந்துதான் கேள்வி எடுக்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஹரப்பா அத்தியாயம். நம் பழக்கப்படி படித்தால் நகர அமைப்பு, பெருங்குளம், வாணிகம், வீழ்ச்சி என்று தலைப்புத் தலைப்பாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்த அத்தியாயம் உண்மையில் இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது என்ற கதையையும் சொல்கிறது. 1875-இல் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்காம் ஒரு ஹரப்பா முத்திரையைப் பற்றி அறிக்கை எழுதுகிறார், அது எவ்வளவு பழமையானது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-இல்தான் ஜான் மார்ஷல் ஒரு புதிய நாகரிகத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று உலகத்துக்கு அறிவிக்கிறார். 1946-இல் வீலர் வந்து மண் அடுக்குகளைப் பார்த்துத் தோண்ட வேண்டும் என்கிறார், 1955-இல் எஸ்.ஆர். ராவ் லோத்தலில் அகழாய்வில் இறங்குகிறார், 1990-இல் தோலாவிராவில் தோண்டத் தொடங்குகிறார்கள். இவற்றைக் காலவரிசைப்படுத்துக என்று கேள்வி வந்தால், வருடங்களை மனப்பாடம் செய்தவருக்கு எல்லாம் குழம்பும். கதையாகப் படித்தவருக்கு யாருக்குப் பின் யார் என்பது தானாக வந்துவிடும், ஏனென்றால் ஒருவர் விட்ட இடத்தில்தான் அடுத்தவர் தொடங்குகிறார்.

வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பயணிகள் பற்றிய அத்தியாயமும் அப்படித்தான். அல்பிரூனி, இபின் பதூதா, பெர்னியர் என்று மூன்று பேர். எனக்கு மிகவும் பிடித்தது இபின் பதூதா. சிந்துவிலிருந்து தில்லிக்குப் பயணம் போக ஐம்பது நாள் ஆகும், ஆனால் ஒற்றர்களின் செய்தி அஞ்சல் வழியாக ஐந்தே நாளில் சுல்தானிடம் போய்விடும் என்று எழுதுகிறார். தேங்காயையும் வெற்றிலையையும் அவர் விவரிக்கும் பத்தியை அவசியம் படியுங்கள், நாம் தினமும் பார்க்கிற பொருளை அதைப் பார்த்தே இராத மொராக்கோக்காரர்களுக்கு அவர் எப்படிப் புரியவைக்கிறார் என்று தெரியும். இந்த மாதிரிப் பத்தியைக் கொடுத்து அதற்குக் கீழே கேள்விகள் கேட்பது கியூட்டில் வழக்கம். பத்தியை முன்பே ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால் தேர்வறையில் நேரம் மிச்சமாகும். கேள்விக்கு 72 நொடிதான் கிடைக்கிறது, பத்தியை முதல்முறையாகப் படிக்க அது போதாது.

நம் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய குழப்பம் இதுதான்: நம் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி உலகப் போர்களுக்கு அப்புறமான உலகம் வரை போகிறது. என்சிஇஆர்டியோ ஹரப்பாவில் தொடங்கி அரசியலமைப்பு உருவான கதையில் முடிகிறது. பார்த்தவுடன், படித்தது எதுவும் உதவாது என்று பயம் வரும். கொஞ்சம் பொறுங்கள். நம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், சிந்து நாகரிகம், மௌரியர், விஜயநகரம், ஆங்கிலேய ஆட்சியின் விளைவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ப்ளஸ் ஒன் முடிந்ததும் அதை எடைக்குப் போட்டுவிடும் வீடுகள் நிறைய. தயவுசெய்து போடாதீர்கள். தமிழில் முதலில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, பிறகு என்சிஇஆர்டியில் அதே பகுதிக்குப் போனால் பாதி தூரம் ஏற்கெனவே கடந்திருப்பீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், என்சிஇஆர்டி தன் புத்தகங்களைத் தமிழில் போடுவதில்லை. ஆங்கிலம், இந்தி, உருதுதான். அதாவது தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் தேர்வுக்கான புத்தகம் தமிழில் கிடையாது. இது எவ்வளவு பெரிய அநீதி என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவத்தையே இறுதியாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், தமிழில் எழுதுகிறவரும் முக்கியமான சொற்களை ஆங்கிலத்தில் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை, ஒவ்வொரு அத்தியாயத்திலும் பத்துப் பதினைந்து சொற்கள் வரும், அவ்வளவுதான். என் தங்கை ஆங்கிலப் புத்தகத்தை முதலில் ஒரு நாளைக்கு மூன்று பக்கம்தான் படித்தாள், அகராதியைத் தொட்டுத் தொட்டு. இரண்டாவது புத்தகத்துக்கு வரும்போது வேகம் தானாகக் கூடிவிட்டது. ஏனென்றால் அது கடினமான ஆங்கிலம் இல்லை, அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்களும் அந்தப் புத்தகத்தில் உண்டு. பக்தி பற்றிய அத்தியாயத்தில் ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் வருகிறார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவருக்கும் முதலாம் பராந்தகச் சோழன் உலோகத் திருமேனிகள் வைத்ததைச் சொல்லும் 945-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வருகிறது. அரசியல் அறிவியல் புத்தகத்தில், தனி ஆந்திரம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் இறந்ததும், அதைத் தொடர்ந்து ஆந்திரம் பிரிந்ததும், 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்ததும் இருக்கின்றன. வடநாட்டுப் பிள்ளைக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம். நமக்கு வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்ட கதை. இந்த அத்தியாயங்களிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள், ஒன்றாம் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் கவனிக்க: 2023-24 கல்வியாண்டுப் பதிப்பில் சில அத்தியாயங்களை எடுத்துவிட்டார்கள், முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் அதில் ஒன்று. அதனால் முகமை அந்த வருடம் வெளியிடுகிற பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படியுங்கள். புதிய பதிப்பு என்சிஇஆர்டி தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. நீக்கியதையும் ஆர்வத்துக்காகப் படிக்கலாம், தேர்வு முடிந்த பிறகு.

விடை தெரியாத கேள்விகள் பற்றி ஒரு கணக்கு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூட, நான்கில் ஒருமுறை 5 கிடைக்கும், மூன்று முறை 1 போகும், மொத்தத்தில் 2 மிச்சம். ஒரு விடையாவது நிச்சயம் தவறு என்று நீக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதனால் இந்தத் தேர்வில் பயந்து காலியாக விடுவதில் லாபம் இல்லை. கூற்று-காரணம் வகைக் கேள்விகளில் சில சமயம் இரண்டு கூற்றும் சரியாக இருக்கும், ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்காது. அங்கே மட்டும் அவசரப்படாமல் "ஏனென்றால்" என்ற சொல்லைப் போட்டு இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

மொழித்தாளுக்குத் தனியாக அதிகம் சொல்ல இல்லை. பத்தி வாசிப்பும் சொல்வளமும்தான், தினமும் ஒரு தலையங்கம் படித்தால் போதும். பொது அறிவுத் தாள் உங்களுக்குத் தேவையா என்பது நீங்கள் சேர விரும்பும் படிப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்களை எழுதியிருக்க வேண்டும் என்று தனிப்பட்டியல் வைத்திருக்கிறது, விண்ணப்பிக்கும் முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும், தேர்வு எழுதிய பிறகு பார்த்துப் பயனில்லை. தில்லியில் உள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், அதாவது ஜேஎன்யூ, பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கே பி.ஏ. என்பது அயல்மொழிப் படிப்புகளுக்குத்தான், வரலாறு, சமூகவியல் எல்லாம் எம்.ஏ.வில் தொடங்கும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய ஒருங்கிணைந்த எம்.ஏ. படிப்புகள் உண்டு. புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் எழுதினால் மட்டும் போதாது, அவர்கள் தளத்தில் தனியாகப் பதிவு செய்து கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இதைத் தெரியாமலே நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் காத்திருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாகச் சான்றிதழ். நம்மிடம் இருக்கிற பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்கானது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான (ஓபிசி) 27 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்க, மத்திய அரசின் படிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று வட்டாட்சியர் கொடுக்கிற ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கை நடக்கிற நிதியாண்டில் வாங்கியதைத்தான் பல இடங்களில் கேட்கிறார்கள், அதனால் பிளஸ் டூ பரீட்சை முடிந்து ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் கவுன்சிலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்காது.