ஸ்டிக்கில் ஏறாத கொடை விசிடி

4கே படம் துளித் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. போன வருட கிரிக்கெட் மேட்சுகூடத் தேடினால் வந்துவிடுகிறது. 2004-இல் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், எடுத்த வில்லுப்பாட்டு மட்டும் வரமாட்டேன் என்கிறது. டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோடு சில மாதமாக நான் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். வேலை இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

சரக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெல்லைப் பக்கம் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு, கொடை எதுவானாலும் ஸ்டுடியோக்காரர் விசிடி, அதாவது வீடியோ பதிந்த சிடி, போட்டுத் தருவார். அப்புறம் டிவிடி வந்தது. கொடை என்றால் ஒரு சிடியில் அடங்காது. குடியழைப்பு, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை, சாமி வேட்டைக்குப் போவது, மறுநாள் மஞ்சள் நீராட்டு என்று ஒரு கட்டாகவே வரும். இதெல்லாம் சிந்துபூந்துறையில் ஆச்சி வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் ஏறியபோது மொத்தமும் சேற்றுக்குள் போய்விட்டது.

கழுவி எடுத்த பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தது. டிவிடிகள் பெரும்பாலும் பிழைத்தன. விசிடிகள் அடி வாங்கியிருந்தன. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியது. தகவல் பதிந்த படலம் நடுவில் பத்திரமாக இருக்கும். சிடியில் அந்தப் படலம் மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய பூச்சை மட்டும் நம்பி நிற்கிறது. ஸ்டுடியோக்காரர் அழகுக்காக அதன்மேல் சாமி படம் அச்சடித்த காகிதத்தை வேறு ஒட்டியிருந்தார். காகிதம் ஊறி உரிந்த இடங்களில் வெள்ளிப் படலமும் கூடவே வந்துவிட்டது. அடிப்பக்கக் கீறலையாவது மெருகேற்றிப் பார்க்கலாம், மேல்பக்கம் உரிந்தால் அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை தெரியும். எந்த சிடிக்கு மெனக்கெடலாம் என்று அதை வைத்தே பிரித்தேன். உங்கள் வீட்டிலும் லேபிள் ஊறியிருந்தால் உரிக்காமல் நிழலில் உலரவிடுங்கள்.

பிழைத்த விசிடியிலிருந்து ஃபைலை எடுப்பது தனிக் கதை. சாதாரணமாகக் காப்பி போட்டால் பாதியில் நின்று பிழை காட்டும். அதே சிடி பழைய டிவிடி பிளேயரில் ஓடும்! காரணம் சிடியின் அமைப்பிலேயே இருக்கிறது. சிடியில் தகவலைச் செக்டர் என்ற சின்னத் துண்டுகளாகப் பதிவார்கள். டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட்தான் தகவல், மீதி இடத்தில் கணிசமான பகுதி பிழை திருத்தத்துக்குப் போகும். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் ஆக்கிவிட்டார்கள். 74 நிமிடப் படம் ஒரு சிடிக்குள் அடங்கியது இந்தச் சாமர்த்தியத்தால்தான். ஒரு கட்டம் உடைந்து தெரிந்தால் கண் பொறுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. பிளேயர் பொறுத்துக்கொள்கிறது, கம்ப்யூட்டர் பொறுப்பதில்லை. லினக்ஸில் விசிடிஇமேஜர் தொகுப்போடு வரும் விசிடிஎக்ஸ்ரிப் என்ற மென்பொருள் இந்த வகை செக்டரைப் படிக்கத் தெரிந்தது. அதை வைத்து, பழைய டிரைவ் ஒன்றில் வேகத்தைக் குறைத்துப் படித்ததில் நல்ல நிலையிலிருந்த சிடிகள் எல்லாம் வந்துவிட்டன.

இனிதான் ஸ்டிக். யுஎஸ்பி வழியாக ஹார்ட் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். மின்சாரம் போதாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டதே தவிர சுற்றவில்லை. தனி மின்சாரம் வாங்கும் ஹப் போட்ட பிறகு, ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இல்லாத டிஸ்க் வேண்டாம் என்றது. ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. சரி, விசிடி ஃபைல் ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை என்று பென் டிரைவில் போட்டேன். படம் வந்தது. ஆச்சி முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏல, வாய் அசையுது, பாட்டக் காணோமே. டிவிக்குக் காது அடைச்சிட்டா?” என்றாள்.

வில்லுப்பாட்டில் சத்தம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? குடத்தைத் தட்டுகிற கை தெரிகிறது, உடுக்கை ஆடுகிறது, அவ்வளவுதான். விசிடியில் ஒலி எம்பி2 என்ற வகை, 224 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்). படம் எம்பெக்-1, 352×288. இரண்டும் 1990-களின் தொடக்கத்துத் தரம். இதைப் பிரித்துப் படிக்கும் ஒலி டிகோடரை என் ஸ்டிக்கில் வைக்கவே இல்லை. டிவிடியின் எம்பெக்-2 படத்துக்கு நேர்மாறாகச் சத்தம் வந்தது, திரை கறுப்பு. காப்புரிமைக் கட்டணம் என்று சாக்குச் சொல்லவும் முடியாது, அமெரிக்காவில் எம்பெக்-2-க்கான கடைசி காப்புரிமையே 2018-இல் முடிந்துவிட்டது. எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் மனதில் இருந்தது சந்தா கட்டிப் பார்க்கிற ஆள். சொந்தமாக ஒரு பீரோ நிறையப் படம் வைத்திருக்கிற ஆளை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். மேல் வரிசை முழுக்க விளம்பரம், நம் ஃபைலைத் திறக்கும் ஆப் கடைசி மூலையில்.

அடுத்து, பழைய லேப்டாப்பில் இலவச மீடியா சர்வர் ஒன்றை நிறுவி வைஃபை வழியாக அனுப்பிப் பார்த்தேன். பெட்டிக்குப் புரியாததை சர்வர் அந்த நேரத்திலேயே மாற்றி அனுப்பும் என்பது ஏற்பாடு. ஆனால் ஸ்டிக் தனக்கு எம்பெக்-2 தெரியும் என்று சர்வரிடம் சொல்லிவிடுகிறது. சர்வரும் நம்பி அப்படியே அனுப்புகிறது. மறுபடி கறுப்புத் திரை. போதாக்குறைக்கு ஃபோல்டர் பெயரை வைத்து இணையத்தில் தேடி, அண்ணன் கல்யாணத்துக்கு ஏதோ வெளிநாட்டுப் பேய்ப் படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டது. “என்ன கொழுந்தனாரே, எங்க கல்யாணத்துக்கு இந்த மூஞ்சியவா போட்டு வச்சிருக்கிய?” என்று மதினி கேட்டது நியாயம்தான். நூலக வகையை சினிமா என்பதிலிருந்து வீட்டு வீடியோ என்று மாற்றியதும் இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டது.

ஆக, எல்லாவற்றையும் ஸ்டிக்குக்குப் புரிகிற ஹெச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 ஃபைல் என்று மாற்றிவிடுவது என முடிவெடுத்தேன். மூல ஃபைல்களை அழிக்கவில்லை, அவை தனி டிஸ்க்கில் இருக்கின்றன. விசிடிக்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும். ஒலியை மட்டும் 192 கேபிபிஎஸுக்குக் கீழே இறக்கவில்லை. 96-இல் வில்லின் மணிச்சத்தம் குழைந்து, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடுகிறது.

டிவிடியில்தான் நேரம் போனது. அதில் ஒவ்வொரு நொடியும் 25 படம், ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக இருக்கும். குழல் டிவியில் அது உறுத்தாது. தட்டை டிவியில் அசைகிற இடமெல்லாம் கிழிந்து வரி வரியாகத் தெரியும். பாதிப் படங்களை வெறுமனே சேர்த்து 25 ஆக்கினால் அசைவு விட்டு விட்டு வருகிறது; எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருளில் பிடபிள்யூடிஐஎஃப் என்ற வடிகட்டியைப் போட்டு ஒவ்வொரு பாதியையும் முழுப் படமாக்கி 50 ஆக எடுத்தால், அட்சதை விழுவதுகூட வழுக்கிக்கொண்டு வருகிறது. இன்னொன்று, 720×576 என்பது அப்படியே காட்ட வேண்டிய அளவு இல்லை. புள்ளிகள் சதுரம் இல்லாததால் 4:3 படத்தை 768×576 ஆக்கித்தான் காட்ட வேண்டும். ஃபைலுக்குள் இந்தக் குறிப்பை எழுதிவைத்தால் ஸ்டிக் கண்டுகொள்வதில்லை. அதனால் படத்தையே 768 அகலத்துக்கு மாற்றிவிட்டேன்.

இந்த வேலையில் பழைய கல்யாண டிவிடிகளை நிதானமாகப் பார்க்க நேர்ந்தது. தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள், மணமக்கள் ஒரு இதயத்துக்குள் சுற்றுகிறார்கள். தாத்தா குரல் எந்த டிவிடியிலும் இல்லை. அவர் பேசும் இடத்திலெல்லாம் யாரோ பாடுகிறார்கள். கொடை விசிடிகளை ஸ்டுடியோக்காரர் இப்படித் தொடவில்லை, பாட்டு அங்கேயே இருந்ததால் விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஏதாவது வீடியோ தளத்தில் ஏற்றிவிடலாமே என்று மும்பையிலிருக்கும் சித்தப்பா கேட்கிறார். அந்தச் சினிமாப் பாட்டுகளுக்கு உரிமை கேட்டு நோட்டீஸ் வரும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

எல்லாம் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தபோது, தெருவில் குழி தோண்டியதில் இன்டர்நெட் கேபிள் அறுந்தது. படம் வீட்டுக்குள், சர்வர் வீட்டுக்குள், ரூட்டர் வீட்டுக்குள். இருந்தும் ஸ்டிக், இணைப்பு இல்லை என்ற பக்கத்தைத் தாண்டி நகரவில்லை. அன்றைக்கு எனக்கு அதன்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

இப்போது ஸ்டிக்கைச் சந்தா சமாசாரங்களுக்கு மட்டும் விட்டுவிட்டு, டிவியின் இன்னொரு எச்டிஎம்ஐ துளையில் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றைச் செருகி, அதில் கோடி (Kodi) என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். விசிடி, டிவிடி ஃபைல் எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டுகிறது, வரிக் கிழிசலையும் தானே சரிசெய்கிறது. டிவி ரிமோட்டிலேயே இயங்குவதால் ஆச்சிக்கு இன்னொரு ரிமோட் பழக்க வேண்டியதில்லை. அப்படியானால் மாற்றிய எம்பி4 எல்லாம் வீண்தானே என்று கேட்கலாம். இல்லை, சொந்தக்காரர்களுக்குப் பென் டிரைவில் கொடுக்க அதுதான் தோது, எந்த டிவியிலும் ஓடும். கரண்ட் போய்ப் போய் வருவதற்கு மட்டும் சின்ன யுபிஎஸ் ஒன்று பார்க்க வேண்டும்.

மீதமிருப்பது அம்மா கல்யாண விஎச்எஸ் வீடியோ கேசட். நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது, சுத்தம் செய்யாமல் போட்டால் பிளேயரின் ஹெட்டும் கெடும். அதைப் போட்டுப் பார்க்க, ஓடுகிற விசிஆர் பிளேயர் ஒன்று வண்ணார்பேட்டை, டவுன் பக்கம் பழைய கடைகளில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சித்திரைக் கொடைக்கு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் இப்போதே பேசிவிட்டேன். எடிட் செய்தது ஒன்று, கேமராவில் எடுத்தபடியே ஒன்று, இரண்டும் வேண்டும், பாட்டு எதுவும் சேர்க்கக்கூடாது. “அது இருநூறு ஜிபிக்கு மேல வரும் தம்பி, ஒங்க டிஸ்க்கையே கொண்டாந்து குடுத்துருங்க” என்றார்.