பாடும் முன் வீடு தேடிப் போன அண்ணன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் நம் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தால், சாமி ஊர்வலத்துக்கு அடுத்தபடியாக எல்லாரும் காத்திருந்தது அந்த அண்ணனின் பாட்டுக்குத்தான். நம் பள்ளியில் எனக்கு நான்கு வகுப்பு மூத்தவர். மெட்டு சினிமா மெட்டு. வார்த்தை தோட்டத்து வார்த்தை. காதலியின் கண்ணை வர்ணிக்கும் இடத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் ஒட்டுப்பால் வாளியும் வந்து உட்காரும்.

அவர் பாட்டுக் கட்டுவதை தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். கவிழ்த்து வைத்த மங்குக் கிண்ணத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே முணுமுணுத்தார். தோட்டத்து மேற்பார்வையாளரைக் குறிக்கும் 'கங்காணி' என்ற சொல் உட்காரவே இல்லை. மெட்டு கடைசியில் நீள்கிறது. சொல்லோ நடுவில்தான் நீள்கிறது. அரைமணி நேரம் போராடி, 'கங்காணியாரே' என்று மாற்றினார். மெட்டும் சேர்ந்தது, மரியாதையும் சேர்ந்தது.

திருவிழாவுக்கு முதல்நாள் அந்தக் கங்காணி வீட்டுக்கே போய் முழுப்பாட்டையும் பாடிக் காட்டினார். மகள் கல்யாணக் கடனைப் பற்றிய ஒரு வரி வேண்டாம் என்றார் கங்காணி. மறுநாள் மேடையில், விஷயம் தெரிந்த பையன்கள் அந்த வரியைக் கேட்டுக் கத்தினோம். அண்ணன் கடைசிவரை பாடவில்லை.

மெல்பர்ன் வந்த பிறகுதான், பிரபலப் பாட்டுகளின் மெட்டில் வேடிக்கை வரிகள் பாடும் அமெரிக்கர் 'வியர்ட் அல்' யாங்கோவிக்கைப் பற்றி அறிந்தேன். 1959இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஏழு வயதை எட்டும்போது அக்கார்டியன் கற்கத் தொடங்கி, கட்டடக்கலை படித்தவர். 1979இல் தன் முதல் வெற்றிப் பாட்டைப் பல்கலைக்கழக வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிவறையில் பதிவு செய்தார். எதிரொலி நன்றாக இருந்ததாம். 1984இல் மைக்கேல் ஜாக்சனின் மெட்டில் சாப்பாட்டைப் பாடி உலகப்புகழ் பெற்றார். 2014இல், 54 வயதில், அவருடைய இசைத்தொகுப்பு முதன்முறையாக அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. என்னைத் தொட்டது வேறு: மெட்டுக்கு உரியவரிடம் அவர் அனுமதி கேட்டுவிடுவார். ஜாக்சன் சம்மதித்தார். பாடகர் பிரின்ஸ் மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் பாட்டை இவர் தொடவில்லை.

ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்ததும் அண்ணன் ஈப்போவில் லாரி ஓட்டப் போனார். போன தீபாவளிக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"கேட்டுட்டுத்தான் பாடுவாரா? ஒரு பாட்டு போடு தம்பி."

போட்டேன். வார்த்தை புரிந்திருக்காது. அந்தப் பக்கம் மேசையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது.