எந்தக் கிரோவ்?

ரஷ்யாவுக்குப் பார்சல் அனுப்பவோ ரயில் டிக்கெட் எடுக்கவோ உட்கார்ந்தால், ஊர்ப் பெயரை நாங்கள் கடைசியாகத்தான் பார்ப்போம். ஒரே பெயரில் அங்கே பல ஊர்கள் இருப்பதால், முதலில் பார்ப்பது ஆறு இலக்க அஞ்சல் எண்.

கிரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் 610 என்று தொடங்கினால் அது வியாட்கா ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய நகரம். 249 என்றால் கலூகா மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊர். சோவியத் தலைவர்களில் ஒருவரான செர்கேய் கிரோவ் 1934 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் வியாட்கா நகரத்துக்கு அவர் பெயர் வந்தது. 1936இல் கலூகா பக்கத்துச் சின்ன ஊரான பெசோச்னியாவும் கிரோவ் ஆனது.

முகவரியில் ஆளைக் கவிழ்ப்பது அடுத்த வரி. 'கிரோவ்ஸ்கயா ஓப்லஸ்த்' என்றால் வியாட்கா பக்கம், அது ஒரு மாகாணம். 'கிரோவ்ஸ்கி ராயோன்' என்றால் மாகாணத்துக்குள் அடங்கும் வட்டம். கலூகா கிரோவ் அப்படிப்பட்ட ஒரு வட்டத்தின் தலைமை ஊர். ஓப்லஸ்த், ராயோன் என்ற சொற்களை விட்டுவிட்டு வெறும் 'கிரோவ்ஸ்கி' என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். அதனால் அந்தச் சொல்லை ஒருபோதும் சுருக்கி எழுதுவதில்லை.

எண்களிலும் ஒரு குழி இருக்கிறது. கார் நம்பர் பலகையில் கலூகாவுக்கு 40, கிரோவ் மாகாணத்துக்கு 43. அரசின் நிலப்பகுதிக் குறியீடான ஒக்தமோவிலோ கலூகா 29, கிரோவ் 33. படிவம் எந்தக் குறியீட்டைக் கேட்கிறது என்று பார்க்காமல் நிரப்பினால், சரியான எண்ணை எழுதியும் வேறு மாகாணத்துக்குப் போய்விடுவீர்கள்.

ரயிலில் கதை வேறு. கலூகா கிரோவின் நிலையத்துக்குப் பெயர் ஃபயான்சோவயா. 'ஃபயான்ஸ்' என்றால் ஒருவகைப் பீங்கான், அங்கே பீங்கான் வேலை பழைய தொழில். தேடலில் 'கிரோவ்' என்று அடித்தால் வியாட்கா நகரம்தான் முன்னால் வந்து நிற்கும். ரஸ்தோவ் இன்னும் மோசம். மாஸ்கோவிலிருந்து வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் பழைய ரஸ்தோவின் நிலையம் ரஸ்தோவ்-யரஸ்லாவ்ஸ்கி. தெற்கே டான் ஆற்றங்கரையில், 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதன் நிலையம் ரஸ்தோவ்-கிளாவ்னி. 'கிளாவ்னி' என்றால் தலைமை என்று பொருள், ஆகவே அவசரத்தில் கை அதன்மேல்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், தெற்கு ஊருக்குப் பெயர் தந்ததே வடக்கு ஊர்தான்: அங்கே பேராயராக இருந்ததால் 'ரஸ்தோவ் திமித்ரி' என்று அழைக்கப்பட்ட புனிதரின் பெயரில் தெற்கே ஒரு கோட்டை கட்டினார்கள், கோட்டையைச் சுற்றி நகரம் வளர்ந்தது.

சில இரட்டைகளில் தவறினால் திரும்பி வருவதோடு முடியாது. கூர்ஸ்க் மாகாணத்தின் ஷெலெஸ்னகோர்ஸ்க் இரும்புச் சுரங்க ஊர், யாரும் போகலாம். கிரஸ்னயார்ஸ்க் பகுதியின் ஷெலெஸ்னகோர்ஸ்க் மூடிய நகரம். ஒரு காலத்தில் அதற்குக் கிரஸ்னயார்ஸ்க்-26 என்றுதான் பெயர். வெளிநாட்டவர் முன் அனுமதியில்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஓசெர்ஸ்க், சரேச்னி, மீர்னி ஆகிய பெயர்களிலும் ஒன்று திறந்தது, ஒன்று மூடியது. விடுதிக்குப் பணம் கட்டுமுன் மாகாணத்தைப் பாருங்கள்.

கிராமம் என்று வந்தால் மாகாணப் பெயரும் போதாது. அலெக்சாந்த்ரவ்கா, மிஹாய்லவ்கா, நிகோல்ஸ்கயே எல்லாம் நாடெங்கும் கொட்டிக் கிடக்கின்றன. நிலக்கிழாரின் பெயரையோ கோயிலின் பெயரையோ வைத்தே ஊருக்குப் பெயரிட்டதன் விளைவு இது. நிகோல்ஸ்கயே என்றால் புனித நிக்கலாய் கோயில் இருந்த ஊர். இங்கே ராயோன், அதற்குக் கீழே கிராமசபை, இரண்டும் வேண்டும். பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். 'с.' என்றால் செலோ, வழக்கமாகக் கோயில் உள்ள ஊர், 'д.' என்றால் திரேவ்னியா, கோயில் இல்லாத சிற்றூர். அருகருகே ஒரே பெயரில் இரண்டு இருந்தால், சில சமயம் இந்த எழுத்து மட்டுமே வேறுபாடு காட்டும்.

அப்படியும் தீராவிட்டால் அங்கிருப்பவரிடமே கேட்க வேண்டியதுதான். 'எந்த பிளகவேஷென்ஸ்க்?' என்று கேட்டால் "பிளகவேஷென்ஸ்க்தான்" என்பார்கள். 'உங்கள் கடிகாரம் மாஸ்கோவைவிட எவ்வளவு முன்னால்?' என்று கேளுங்கள். ஆறு மணி நேரம் என்றால் சீன எல்லையில் அமூர் கரை, இரண்டு என்றால் பஷ்கொர்த்தஸ்தான்.