டம்ளரின் அடியில் ஓர் ஈர வளையம்

சூளையிலிருந்து எடுத்தபோது அந்த ஆறு காபி டம்ளர்களிலும் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்று வாரம் புழங்கிய பிறகுதான், உட்புறக் கண்ணாடிப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் வலைபோலப் பரவிக் காபிக் கறையில் பழுப்பேறியிருந்ததையும், நீர் நிரப்பி வைத்த டம்ளரை எடுத்தால் மரப்பலகையில் ஈர வளையம் நிற்பதையும் கண்டேன். சீனாவில் சோங் காலத்துக் குயவர்கள் இத்தகைய விரிசலை அழகுக்காகவே வளர்த்தார்கள். ஆனால் தினமும் வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரத்தில் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூச்சின் மீதே பழி போட்டு இரண்டு மாதம் கலவைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு, பூச்சில்லாமல் அதே சூட்டில் சுட்ட ஒரு துண்டை நன்கு உலர்த்தி எடை பார்த்தேன்: 200 கிராம். ஐந்து மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் அந்த நீரிலேயே ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது 211 கிராம். மண் 5.5 சதவீத நீரைக் குடித்திருந்தது. புழங்கு பாத்திரத்துக்கு அது 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியாகப் புதுச்சேரியில் வேரூன்றிய, கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் மண்பாண்டம் உயர் வெப்பத்தில் சுடப்படுவது. நான் வாங்கிய மண்ணும் 1300 டிகிரி அளவில் முதிரும் (நுண்துளைகள் அடைபட்டு இறுகும்) வகைதான். அதை என் மின்சூளையில் 1220 டிகிரியிலேயே நிறுத்தியிருந்தேன். முதிராத மண் ஈரத்தை இழுத்து நாளடைவில் நுண்ணளவு உப்ப, அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மேலிருந்த கண்ணாடிப் படலம் வெடித்திருக்கிறது.

1220 டிகிரியில் முதிரும் மண்ணுக்கு மாறியதும் கசிவு நின்றது. விரிசல் குறைந்ததே தவிர, முற்றிலும் போகவில்லை. ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கும். பூச்சில் சேரும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்திலுள்ள சோடியமும் பொட்டாசியமும் அந்தச் சுருக்கத்தைக் கூட்டுகின்றன, சிலிக்கா குறைக்கிறது. ஆகவே 100 கிராம் கலவைக்கு 3, 6, 9 கிராம் என்று சிலிக்காவை ஏற்றி மூன்று சோதனை ஓடுகளில் பூசிச் சுட்டேன். (சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், தூசி வடிக்கும் முகக்கவசம் இல்லாமல் அந்தப் பையைத் திறக்கவே கூடாது.) உறைபெட்டியில் ஓரிரவு வைத்துக் கொதிநீரில் போட்டு எடுப்பதைப் பலமுறை செய்ததில் 3 கிராம் சிலிக்கா சேர்த்த ஓட்டின் பூச்சு வெடித்தது, 9 கிராம் ஓட்டில் அது சரியாக உருகாமல் சொரசொரத்தது, 6 கிராம் ஓடு தாங்கியது.

அந்தக் கலவை பூசிய டம்ளரில் ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுதும் விட்டு வைத்தேன். காலையில் கழுவிப் பார்த்தபோது, புளிப்புப் பட்ட இடத்தின் நிறமும் பளபளப்பும் மங்கவில்லை. அன்றே அதில் காபி குடித்தேன்.