சிவப்புத் தரையில் சிவப்பு எண்ணெய்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கசிவைத் தேடிய அனுபவம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் நிற்கும் கார் அப்பச்சி வாங்கியது. 2004ஆம் ஆண்டு செடான், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், முன்சக்கரங்களால் இயங்குவது. போர்டிகோவின் தரை முழுவதும் சிவப்பு ஆத்தங்குடிக் கல் என்பதாலும், ஆத்தா அந்தக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பதாலும், காரின் அடியில் சொட்டிய சிவப்பு எண்ணெய் பல மாதங்களாக எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. காலையில் லீவரை டிரைவுக்குத் தள்ளியபின் வண்டி நகர இரண்டு நொடி தாமதமானபோதுதான் கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

அளவு பார்க்கும் முறை எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் காரில் எண்ணெய் நன்றாகச் சூடேறியபின், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, 'பார்க்' (P) நிலையில் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள ஹோண்டா ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் அளப்பது முறை. முறை மாறினால் அளவும் தவறும். தவறான அளவை நம்பி அதிகமாக ஊற்றினால் எண்ணெய் நுரைத்து, கியர்பாக்ஸின் காற்றுப்போக்கியான மூச்சுத்துளை வழியாக வெளியேறி, இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டும்.

முதலில் காரைக்குடியில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டு போனேன். கியர்பாக்ஸின் அடித்தட்டு ஓரம் ஈரமாக இருந்ததால், அந்தத் தட்டின் இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார்கள். பத்தே நாளில் அதே இடம் மறுபடியும் நனைந்தது. "இது முன்பக்கத்து சீல்ண்ணே, கியர்பாக்ஸை இறக்கித்தான் பாக்கணும்" என்று அடுத்த யோசனை சொன்னார்கள். இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் நுழையும் இடத்தில், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான அந்தச் சீலை மாற்றுவது பெரிய வேலை, கூலியும் பெரிது. அந்தச் சீல் கசிந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவ உறையின் (பெல் ஹவுசிங்) அடியில் ஈரம் தெரிய வேண்டும். அந்த இடம் காய்ந்து தூசி படிந்திருந்ததை நான் விளக்கு அடித்துப் பார்த்திருந்தேன். எனவே இறக்கச் சம்மதிக்காமல் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்து, நானே தேடுவது என்று முடிவு செய்தேன்.

சொட்டுவது என்ன எண்ணெய் என்று உறுதி செய்வதுதான் முதல் வேலை. ஏ.சி. ஓடும் வண்டியின் அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. அதற்கு நிறமும் வழவழப்பும் இருக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் சேர்ப்பதே இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகத்தான். ஆனால் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பல பழைய கார்களில் ஸ்டீயரிங் தொட்டியிலும் இதே வகை எண்ணெயையே ஊற்றுவார்கள் என்பதால், சிவப்பு என்றவுடன் கியர்பாக்ஸ் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஸ்டீயரிங் தொட்டியில் எண்ணெய் நின்ற மட்டத்தில் ஒரு டேப்பை ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்தும் மட்டம் அந்த டேப்பை விட்டு இறங்கவில்லை.

பிறகு ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, இரு முன்சக்கரங்களின் இடத்தையும் பேனாவால் குறித்துக் காரின் அடியில் விரித்தேன். மறுநாள் காலையில் தாளில் மூன்று சொட்டுகள் இருந்தன. ஓரம் வெளிறி, நடுவில் மாதுளைச் சாறு காய்ந்ததுபோல் பழுப்பேறிய சிவப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தபோது நறநறப்பு இல்லை. முகர்ந்தபோது கருகிய வாடையும் இல்லை. உள்ளே கிளட்சுத் தட்டுகள் கருகவில்லை என்ற ஆறுதல் அப்போதுதான் வந்தது. மூன்று சொட்டும் அடித்தட்டின் முன்மூலைக்கு நேர் கீழே விழுந்திருந்தன. பட்டறைக்காரர்கள் கேஸ்கெட்டைச் சந்தேகித்ததில் பிழையில்லை என்றே தோன்றியது.

ஆனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எண்ணெய் குழாய் வழியாகவும் குறுக்குச் சட்டத்தின் வழியாகவும் ஓடி, எல்லாவற்றிலும் தாழ்ந்த விளிம்புக்கு வந்துதான் சொட்டும். ஓட்டத்தில் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் உள்ள புள்ளியைத் தேட வேண்டும். எல்லாமே ஈரமாக இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறிய வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின் அடியில் படுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பழைய அழுக்கை மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் கொண்டு துடைத்து, பிறகு பிரேக் கிளீனர் அடித்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்தேன். இதற்கே அரை நாள் ஆனது. இந்தத் தேடலில் மிகவும் பயன்பட்ட அரை நாள் இதுதான். பிரேக் கிளீனர் முழுவதும் ஆவியானதும், அடித்தட்டு ஓரம், வடிகால் போல்ட், அச்சுத்தண்டு சீல்கள், கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் ஹோஸ்கள் ஆகியவற்றின் மேல் முகப் பவுடரைத் தூவினேன்.

பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, இன்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்து, மின்விசிறிக்குக் கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கு அடித்தேன். அடித்தட்டின் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயோடு ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில், கிளிப்புக்குப் பின்னால், பவுடர் நனைந்து இளஞ்சிவப்புக் கோடாக மாறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு துளி மெல்ல உப்பி, உடைந்து, ஹோஸின் அடிவயிற்றோடு ஓடிக் குறுக்குச் சட்டத்தில் இறங்கியது. அங்கிருந்து அடித்தட்டின் முன்மூலை ஒரு சாண்தான்.

இருபது ஆண்டு இன்ஜின் சூட்டில் ரப்பர் இறுகிப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. ஸ்பிரிங் கிளிப்பும் பிடிப்பை இழந்திருந்தது. ஆறிய எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அந்த இடைவெளியில் நின்றுவிடுகிறது. சூடேறி நீர்த்ததும் வழிகிறது. பட்டறையில் வண்டியை ஆறவிட்டுத் தூக்கிப் பார்த்ததால் அவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

மாற்று ஹோஸ் வாங்கும்போது கவனம் தேவை. ரேடியேட்டர் தண்ணீருக்கான ஹோஸைப் போட்டால் சூடான எண்ணெயில் அது ஊறி இளகிவிடும் என்பதால், கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே தயாரித்ததை, பழைய ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்கினேன். இரண்டு ஹோஸ்களையும் ஒருசேர மாற்றி, ஸ்க்ரூ கிளிப் போட்டேன். கூடவே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆறிய கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் இல்லை என்றும், டிப்ஸ்டிக்கில் எண்ணெய் ரோஸ்மில்க் போல் கலங்கவில்லை என்றும் பார்த்துக்கொண்டேன். உள்ளே இரண்டும் கலந்திருந்தால் கியர்பாக்ஸே போயிருக்கும். பிறகு காரின் கையேட்டில் சொன்ன வகை எண்ணெயை நூறு நூறு மில்லியாக ஊற்றி அளந்ததில், 400 மில்லி பிடித்தது. டிரைவுக்குத் தள்ளியதும் வண்டி உடனே நகர்கிறது.

அடியில் விரிக்கும் அட்டையை இன்னும் எடுக்கவில்லை. வாரம் ஒரு புதிய தாள் ஒட்டித் தேதி எழுதுகிறேன். மூன்றாம் வாரத் தாளில் முன்மூலைப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. வலது அச்சுத்தண்டு சீலுக்குக் கீழே மட்டும் பயறளவில் ஒரு கறை. அந்தச் சீலின் ஓரத்தைத் துடைத்துப் பவுடர் தூவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்குப் போய் வந்த பிறகு பார்க்க வேண்டும்.