பழைய மாருதி 800-க்குப் பேக்கிங்கும் சீலும் தேடிய கதை

எஞ்சினைப் பிரிக்கும் முன்னாலேயே ஃபுல் பேக்கிங் செட், அதாவது பாகங்கள் சேரும் இடங்களில் கசியாமல் அடைக்கும் பேக்கிங்குகள் எல்லாம் சேர்ந்த பெட்டி, வாங்கி வைத்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மார்த்தாண்டத்து மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார். "மக்கா, செட்டை வாங்கிப் போட்டுரு. பிரிச்சு வச்சுட்டு சாமானுக்குக் காத்துக் கிடக்க முடியாது." முதலில் பிரிப்போம், பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றேன். "வண்டிக்கு அவசரம் இல்லேன்னா எனக்கென்ன" என்று விட்டுவிட்டார்.

வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்ப்பரேட்டர் உள்ளது. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒருவரிடமிருந்து வாங்கியது. குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓடுவதற்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெளிறிய பழுப்பில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம், கோதையாற்றிலிருந்து பேச்சிப்பாறைக்கு இறக்கத்தில் கியரிலேயே விட்டு வந்து மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. அது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்ததன் வேலை. கிளட்ச் பக்கமும் ஆயில் கசிந்தது. ஆக, எஞ்சினை இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிரித்ததும் எந்தப் பழைய பேக்கிங்கையும் குப்பையில் போட விடவில்லை. கழன்ற வரிசையிலேயே ஒரு அட்டையில் ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட இது நூறு மடங்கு சுலபம். பழைய ஹெட் பேக்கிங்கே முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிட்டது. சிலிண்டர்களைச் சுற்றியிருக்கும் எஃகு வளையங்கள் முழுசாக இருந்தன, இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகலும் இல்லை. தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றித்தான் மேல்பூச்சு உரிந்து ஊறிப் போயிருந்தது. ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதே இடங்களில் அலுமினியம் அரித்துக் குழிகுழியாகக் கிடந்தது. கூலன்ட் இல்லாமல் வெறும் போர்வெல் தண்ணீரில், அதுவும் கடற்கரையோரத்து உப்புத் தண்ணீரில், ஓடிய எஞ்சின்களில் இது சாதாரணமாகக் காண்பது. அந்தக் குழிகளின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பேக்கிங்கை வைத்தாலும் பிடிக்காது.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதில் இரண்டு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். அந்தக் காலத்துப் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதனால் உலர்ந்த தூளைக் கிளப்பாமல், நனைத்து ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, கிரைண்டரில் எமரி வீல் மாட்டி ஹெட்டை 'பாலீஷ்' போடுவது கூடவே கூடாது. அலுமினியம் அலை அலையாகத் தேய்ந்துவிடும். உதிரும் மணல் ஆயில் வழிக்குள் போய் பேரிங்கைத் தின்னும். பிளேடைப் படுக்க வைத்துப் பொறுமையாக எடுத்தாலே போதும்.

சுத்தம் செய்தபின் நேர்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். மட்டம் கோணியிருக்க இந்த எஞ்சினுக்குச் சொல்லப்படும் எல்லை 0.05 மி.மீ. ஹெட்டில் நடுவில் அதைவிடத் தடிமனான தகடு தாராளமாக நுழைந்தது. பிளாக் எல்லைக்குள் இருந்தது. ஹெட்டை நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த ஆசான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "குழி போற வரைக்கும்தான் எடுப்பேன், அதுக்கு மேல ஒரு தூசி எடுக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது சரி. அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கீழே இறங்குவதால் அவை திறந்து மூடும் டைமிங்கும் கொஞ்சம் நகரும்.

ஹெட் பேக்கிங்கில் என்ன வாங்குவது என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் பதில் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் பல அடுக்கு எஃகுத் தகட்டில் செய்த மெட்டல் பேக்கிங்கைக் காட்டி, இதுதான் இப்போதைய நல்ல சரக்கு என்றார்கள். நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது உட்காரும் பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், சொரசொரப்பு ஏறக்குறைய 0.8 மைக்ரானுக்குள். ஹெட் புதிதாக அரைத்தது, அது தேறும். பிளாக்கின் முகம் மட்டமாக இருந்தாலும் பழைய வார்ப்பிரும்பு, அதன் கோடுகள் விரலுக்கே தெரிந்தன. பிளாக்கையும் அரைக்கக் கொடுத்தால் மெட்டல் வாங்கலாம். இல்லையென்றால் நாரும் ரப்பரும் கலந்து, சிலிண்டரைச் சுற்றி எஃகு வளையம் போட்ட கம்போசிட் பேக்கிங்தான் அந்தச் சொரசொரப்பைத் தாங்கிக்கொள்ளும். நான் கம்போசிட்டே வாங்கினேன். தினம் வெயிலில் நூறு கிலோமீட்டர் விரட்டப் போகும் வண்டியும் இல்லை இது.

கடையில் '800-க்கு ஹெட் பேக்கிங்' என்று மட்டும் கேட்டால் போதாது. இந்த வண்டியில் இருப்பது எஃப்8பி என்ற எஞ்சின், 796 சிசி, ஆறு வால்வு. ஆம்னியிலும் இதே குடும்பம்தான். பின்னால் வந்த எஃப்8டி-யும் அதே 796 சிசி, ஆனால் பன்னிரண்டு வால்வு. அது ஆல்டோவில் மட்டுமல்ல, 2000-க்குப் பிறகு சில 800-களிலும் வந்தது. ஹெட் வேறு, பேக்கிங்கும் வேறு. அதனால் பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிய பேக்கிங்கைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன், பிறகு பிளாக்கின் மேலும் வைத்துப் பார்த்தேன். சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ. பேக்கிங்கின் வளையம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டு இருந்தாலும் அந்த ஓரம் பழுத்துச் சிவந்து எரிந்துவிடும். போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுபவர்கள் இதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். எனக்கு ரிங் மாற்றியதோடு சரி.

இனி சீல், அதாவது தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம். எங்கள் வீட்டில் ரப்பருக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் ரப்பர் விளைவது பெரும்பாலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான், அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமும் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. பால் வெட்டுபவர்கள் மத்தியில் 'ஆயில் சீலும் நம்ம ரப்பர்தானே' என்ற நினைப்பு உண்டு. நம்ம ரப்பருக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் ஆகவே ஆகாது. மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பாலான ஒட்டுப்பாலில் ஒரு துண்டைப் பழைய எஞ்சின் ஆயிலில் போட்டு வையுங்கள். ஊதிப் பருத்துப் பலமிழந்து போகும். அதனால்தான் சீல்களுக்குச் செயற்கை ரப்பர். அதிலும் வகைகள் உண்டு. நைட்ரைல் ஆயிலைத் தாங்கும், ஆனால் தொடர்ந்து 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சீக்கிரம் விறைத்துவிடும். பாலிஅக்ரிலேட் ஏறக்குறைய 150 வரை. வைட்டான் 200 வரை. சிலிக்கானும் சூட்டைத் தாங்கும், ஆனால் பெட்ரோல் பட்டால் தாங்காது, சீக்கிரம் கிழியும்.

இதை வைத்து ஒவ்வொரு இடத்துக்கும் என்ன போடுவது என்று முடிவு செய்தேன். வால்வ் சீல் ஆறும் வைட்டான், ஏனென்றால் ஹெட்டில் சூடு அதிகம் படும் இடம் அது. கடையில் பச்சை நிறத்தைக் காட்டி "இது வைட்டான்தான்" என்பார்கள். நிறம் வெறும் சாயம், எந்த ரப்பருக்கும் ஏற்றலாம். பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். வால்வ் கைடில் ஆட்டம் இருந்தால் எந்தச் சீலும் உதவாது என்பதால், அதை முதலில் லேத்திலேயே பார்த்துவிட்டோம். எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்கின் பின் சீலும் வைட்டான். அது கசிந்தால் கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறும், மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். அந்தக் கூலியோடு பார்த்தால் சீலின் விலை ஒன்றுமே இல்லை. கிராங்க்கின் முன் சீலும் கேம் சீலும் செட்டில் வந்ததையே போட்டோம். ஆனால் அவற்றை விட்டுவிடவும் கூடாது. முன்னால் கசியும் ஆயில் டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுவிடும்.

சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். சிலவற்றில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் இருக்கும், அது எஞ்சின் சுற்றும் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய சீலை அளந்து வாங்குவது வீண், அதன் உதடு தேய்ந்து விரிந்திருக்கும். ஷாஃப்ட்டையும் சீல் உட்காரும் குழியையும் வெர்னியரில் அளந்தோம். கிராங்க்கின் பின்முனையில் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது லேசாகத் தட்டியது. பழைய சீலின் உதடு அங்கே ஒரு பள்ளம் போட்டிருந்தது. ஆழமான பள்ளமாக இருந்தால் மெல்லிய எஃகு உறை ஏற்ற வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. சீலை ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளி அடித்தோம், உதடு பள்ளத்தில் விழாமல் பக்கத்தில் உட்கார்ந்தது. இதைச் செய்பவர்கள், சீல் நகர்ந்த பிறகும் பின்னால் இருக்கும் ஆயில் வடிகால் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டிக்கு வாங்கும்போது இன்னொரு தொல்லை, கடையில் இருக்கும் சரக்கும் பழையதாக இருக்கும். நைட்ரைல் சீல்களைச் சரியாகப் பாதுகாத்தால் ஏழு ஆண்டு என்று ஒரு கணக்கு, வைட்டானுக்குப் பத்து. ஆனால் வாசலில் ஆணியில் மாட்டி வெயில் படும்படி தொங்கும் ஓ ரிங் எனும் வட்ட ரப்பர் வளையங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஒரு கடையில் ஓ ரிங்கை மடித்ததும் மேலே மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. பாக்கெட்டில் அடைத்த தேதி கேட்டால் சிலர் முறைப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

கடைசியில் நான் வாங்கியது ஒரே பெட்டி அல்ல. தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், மேனிஃபோல்ட், டேப்பட் கவர் என்று சில்லறைப் பேக்கிங்குகளுக்காகத் தால்பிராஸ் கம்பெனியின் ஃபுல் செட் ஒன்று. ஹெட் பேக்கிங் மட்டும் மாருதி ஜெனுவின், ஹாலோகிராம் பார்த்து. வால்வ் சீலும் பின் சீலும் தனியாக. செட்டில் சிலவற்றைப் பயன்படுத்தாமல் ஒதுக்கியதால், மொத்தச் செலவு கொஞ்சம் கூடத்தான் ஆனது. கார்ப்பரேட்டர் கிட்டையும் அப்போதே மாற்றினேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். தொண்ணூறுகளின் ரப்பரை அதை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள்.

எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சேம்பரின் பேக்கிங்கில் ஒரு சின்ன வாக்குவாதம். பேக்கிங்கின் இரண்டு பக்கமும் அனபாண்ட் பசை தாராளமாகப் பூச வேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணன். "அண்ணே, வெளிய பிதுங்கினா நமக்குத் தெரியும், உள்ள பிதுங்கினது எங்க போகும்?" என்றேன். ஆயில் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னரை அடைத்துவிட்டால் பேரிங்கே போய்விடும். மூலைகளிலும் இரண்டு பாகங்கள் சேரும் இடத்திலும் மெல்லியதாக ஒரு கோடு, மற்ற இடத்தில் ஒன்றும் வேண்டாம் என்று முடிவானது. போல்ட்டை வெறியோடு இறுக்கினாலும் கார்க் பேக்கிங் பிதுங்கிப் பிளந்துவிடும். தகட்டின் ஓட்டைகள் முந்தைய இறுக்கலில் குழிந்திருந்தன, சேம்பரைக் கவிழ்த்து மரக்கட்டையில் வைத்துத் தட்டி மட்டமாக்கிய பிறகே மாட்டினோம்.

ஹெட் பேக்கிங்கில் 'டாப்' என்று எழுதிய பக்கம் மேலே பார்க்க, எந்தப் பசையும் பூசாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் போல்ட்டுகளை இறுக்கினோம். ரேடியேட்டரில் இனி கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணீர் மட்டும்தான். கொஞ்ச நாள் ஓடிய பிறகு, எஞ்சின் நன்றாக ஆறியிருந்த ஒரு காலையில் ஹெட் போல்ட்டுகளை மறுபடி சரிபார்த்தோம். கம்போசிட் பேக்கிங் அழுந்தி அமர்ந்ததும் ஒன்றிரண்டு போல்ட் லேசாக இளகியிருந்தன.

பேச்சிப்பாறை இறக்கத்தில் இப்போது புகை இல்லை, தண்ணீரும் குறையவில்லை, கிளட்ச் பக்கம் காய்ந்து கிடக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் மட்டும் லேசான ஆயில் ஈரம் இருக்கிறது. செட்டில் வந்த ஓ ரிங்கின் தடிமன் பழையதைவிடச் சற்றுக் குறைவு என்பது வெர்னியரில் தெரிகிறது. அடுத்து நாகர்கோவில் போகும்போது அளவு சொல்லி வேறொன்று வாங்கி மாற்ற வேண்டும்.